பன்றிக்கு எச்சில் ஆகாது

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது மூன்று பிள்ளைகள், அதற்கப்புறம் பன்றிகள். பன்றிகள் எத்தனை என்று கேட்காதீர்கள். அவற்றின் சொந்தக்காரருக்கே சரியாகத் தெரியாது, எண்ணி முடிப்பதற்குள் ஒன்று குட்டி போட்டுவிடும். நான் இதுவரை ஒரு பன்றியையும் தொட்டதில்லை. ஆனாலும் இந்த ஆலன் ஊரில் நம் கடையின் பின்கதவு வழியாகப் போன சோற்றையும் காய்த்தோலையும் தின்று வளர்ந்தவை அவை. சோறு போட்டவள் என்ற உரிமையில் நான் வளர்த்ததாகத்தான் சொல்லுவேன். எந்தப் பன்றியும் இதுவரை மறுத்துப் பேசியதில்லை.

போன வாரம் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடைக்கு வந்தேன். புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருத்தி, பின்பக்கம் மஞ்சள் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "குப்பைத் தொட்டிக்கு இவ்ளோ பந்தாவா?" என்று முணுமுணுத்தாள். எனக்கு முட்டிதான் தேய்ந்திருக்கிறது, காது தேயவில்லை. அவளைத் திட்ட வேண்டாம், அவள் கேட்டது நியாயம்தான். சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தமாக ஒரு தொட்டி, அதுவும் பன்றிக்கு என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அதற்குப் பதில் சொல்லத்தான் இது. நம் முதலாளி செந்தில் இதை அச்சடித்து உங்களுக்கெல்லாம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. என் பெயரைப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இந்த ஊரில் பஸ்ஸைப் பார்ப்பதே அபூர்வம் என்பதால் அந்தப் படிப்பும் வீணாகிவிட்டது. நான் பேசப் பேச என் பேத்தி நிலாவின் போன் எழுதிக்கொள்கிறது. அச்சில் வரப்போகிறதே என்று நானும் கொஞ்சம் திருத்தமாகவே பேசுகிறேன்.

என் மகன் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்து இங்கே கூட்டி வந்தான். காலையில் எல்லாரும் ஆபீஸுக்கும் பள்ளிக்கும் போனபின் வீட்டில் நானும் பிரிட்ஜும்தான் மிச்சம். பிரிட்ஜாவது அவ்வப்போது ஏதாவது சத்தம் போடும். அந்தச் சமயத்தில்தான் செந்தில், லெகசி ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, வரிசையாகக் கடைகள் இருக்கும் இந்த ஸ்ட்ரிப் மாலில் நம் டிபன் கடையைத் திறந்தான். வாசலில் 'ப்யூர் வெஜ்' என்று பச்சை எழுத்தில் போர்டு. என் ரசத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துருங்கம்மா" என்றான். அந்த ரசத்துக்காகவே டோல்வேயில் சுங்கம் கட்டிக் கிளம்பி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தொப்பிக்காரர் வந்தது கடை திறந்த முதல் கோடையில். வெள்ளைக்காரர், என் வயதை ஒட்டியவர், வெயிலில் சுட்ட கத்தரிக்காய் மாதிரி முகம். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் என் வாயில் நுழையாததால் தொப்பிக்காரர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் வாயிலும் என் பெயர் நுழையாது, அவருக்கு நான் 'மேம்', இல்லாவிட்டால் 'ரசம்'. ஆலனைத் தாண்டி வடக்கே பண்ணை வைத்துப் பன்றி வளர்க்கிறவர். நம் கடைக்கு இரண்டு கதவு தள்ளி இருக்கும் பேக்கரியில் மிஞ்சின ரொட்டியை எடுத்துப் போக வருவார். ஒருநாள் நம் பின்வாசலில் நான் பூசணித் தோலையும் புளித்துப்போன இட்லி மாவையும் கொட்டப் போனதைப் பார்த்துவிட்டார். அப்படியே நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கோயிலில் தேங்காய் உடைக்கும்போது நாம் நிற்போமே, அந்த மாதிரி.

செந்திலுக்கு விஷயம் புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"பன்னிங்களாம்மா! நம்ம பின்வாசல்ல பன்னிக்காரர் வண்டி நின்னா, சாமி கும்பிட்டுட்டு நேரா சாப்பிட வர்றவங்க என்னன்னு நெனப்பாங்க?"

"ஏந்தம்பி, பன்னியா வண்டியில வருது? பன்னிக்குச் சோறுதான் வண்டியில போகுது. அதுவும் நாம ஆக்குன சோறு" என்றேன்.

அவன் அரை மனதாகத் தலையாட்டினான். ஆனால் தொப்பிக்காரர் நாங்கள் சரி என்றதும் வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. கறாராக ஒரு விஷயம் சொன்னார், செந்தில் எனக்கு மாற்றிச் சொன்னான். இந்த மாநிலத்தில் கடைச் சோற்றைப் பன்றிக்குப் போடுவதென்றால் அரசாங்கத்தில் பதிந்து அனுமதி வாங்க வேண்டுமாம். காய், பழம், ரொட்டி, சோறு, பால், தயிர் போடலாம். கறி கூடாது. கறி பட்டதும் கூடாது. கறி வெட்டின கத்தியால் வெட்டின வெங்காயம்கூடக் கூடாது. கால்நடை அதிகாரிகள் அவ்வப்போது பண்ணைக்கே வந்து பார்ப்பார்களாம்.

"எதுக்காமா?" என்று கேட்டேன்.

செந்தில் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஃபுட் அண்ட் மவுத்னு ஒரு நோய்ங்கம்மா. நம்ம ஊர்ல... அட, கோமாரிங்க!" என்றான்.

அந்த ஒரு சொல் எனக்குப் போதும். கோமாரி கண்ட மாடு வாயில் நுரை தள்ளிக்கொண்டு, குளம்பு புண்ணாகி, ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நிற்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த தேசத்தில் அந்த நோய் இப்போது இல்லையாம். உள்ளே விடாமல் காக்கத்தான் இத்தனை சட்டம். சரியாக வேகாத கறியிலும், உப்புப் போட்டு வைத்த கறியிலும், ஐஸில் வைத்த கறியிலும் நோய் பதுங்கியிருக்குமாம். யாரோ எங்கிருந்தோ கொண்டு வந்து தின்று மிச்சம் வைத்த ஒரு துண்டு தொட்டியில் விழுந்தால், பன்றி தின்னும். பன்றியிடமிருந்து பக்கத்துப் பண்ணை மாட்டுக்குப் போகும். அப்புறம் ஊர் ஊராகக் கொத்துக் கொத்தாகக் கொன்று புதைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பன்றிக்கென்றே வரும் காய்ச்சல் ஒன்றும் இருக்கிறதாம், அதற்கு மருந்தே கிடையாதாம்.

முட்டை பரவாயில்லையா என்று நான் கேட்டேன். பரவாயில்லை என்றார். அதைக் கேட்டு அன்று முழுவதும் சிரித்தேன். நம் கடையில் மனிதருக்கு ஆகாத முட்டை பன்றிக்கு ஆகும்!

அன்றிலிருந்து மஞ்சள் தொட்டி வந்தது. ஆனால் எங்களுக்குள் பேச்சில் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. அவர் தினமும் தொட்டியைத் தூக்குமுன் கேட்பார்: "நோ மீட், மேம்?"

நாம் எப்படிப் பதில் சொல்வோம்? "கறி இல்லையே?" என்று கேட்டால் "ஆமா, இல்லை" என்போம். நான் "யெஸ்" என்றேன்.

அவர் தொட்டியைக் கீழே வைத்தார். "யெஸ் மீட்?"

"நோ, நோ!"

"நோ மீட்?"

"யெஸ்!"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நான் தலையை ஆட்டிக் காட்டினேன். நாம் ஆட்டுகிற ஆட்டு உங்களுக்கே தெரியும், அதில் ஆமாமும் இருக்கும், இல்லையும் இருக்கும், பார்க்கலாமும் இருக்கும். மனிதர் இன்னும் குழம்பிவிட்டார். கடைசியில் செந்தில் வந்து தீர்த்து வைத்தான். போகப் போக அவருக்கு என் கணக்குப் புரிந்துவிட்டது: நான் "யெஸ்" என்றால் கறி இல்லை. தினமும் அவர் "நோ மீட்?" என்பார், நான் "யெஸ்" என்பேன், அவர் சிரித்துக்கொண்டே தொட்டியைத் தூக்குவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பெரிய சிக்கல் உள்ளேதான் இருந்தது. தோசைக் கல்லில் நிற்கும் விமலா சென்னைப் பெண். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஒருநாள் சாப்பிட்டு வந்த தட்டுகளில் மிஞ்சினதை மஞ்சள் தொட்டியில் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அதுல போடாதே. அது எச்சில்" என்றேன்.

"என்ன ஆன்ட்டி நீங்க! பன்னி என்ன மடி ஆச்சாரமா பாக்குது? எச்சில்னா தின்னாதா அது?"

"அது பாக்காது. சட்டம் பாக்கும்."

"நம்மளுதுதான் ப்யூர் வெஜ்ஜாச்சே. தட்டுல மட்டும் எங்கருந்து கறி வரும்? கூரைய பிச்சினு வருமா?"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கதவு இடுக்கு வழியாகக் காட்டினேன். மூலை மேஜையில் ஒரு குடும்பம். தாத்தாவும் பாட்டியும் நெற்றி நிறையத் திருநீறுடன் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சின்னப் பையன் எதையும் தொடாமல் உம்மென்று இருந்தான். அவன் அம்மா மேஜைக்கு அடியில் கையை விட்டு, பையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து, கோழித் துண்டு ஒன்றை எடுத்துத் தோசைக்குள் வைத்துச் சுருட்டி அவன் வாயில் திணித்தாள். பையன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, பேரன் நெய் ரோஸ்ட்ட எவ்வளவு ஆசையா சாப்பிடறான்" என்று பாட்டி பூரித்துப் போனார்.

விமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி ஆன்ட்டி, உங்க பன்னிக்கு இனிமே எச்சில் இல்ல."

அப்போது போட்டதுதான் நம் கடைச் சட்டம். பாத்திரத்திலிருந்து நேராகப் போவது மஞ்சள் தொட்டிக்கு. தட்டிலிருந்து வருவது, வெளியே போய்த் திரும்பி வருவது எல்லாம் எச்சில். அது கறுப்புத் தொட்டிக்கு. சமையல்கட்டு நம் கண்ணுக்குள் இருக்கிறது. கதவைத் தாண்டியதற்கு நாம் ஜாமீன் நிற்க முடியாது. தட்டில் கறி இருந்ததா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். நம் கண்ணை விட்டுப் போன சோறு நம் சோறு இல்லை.

தொப்பிக்காரருக்கும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். தட்டைக் காட்டி, வாயைக் காட்டி, விரலை ஆட்டி, "எச்சில்! நோ!" என்றேன். அவர் பக்தியோடு திருப்பிச் சொன்னார்: "எக்செல். நோ எக்செல்."

செந்தில் கல்லாவிலிருந்து சத்தம் போட்டுச் சிரித்தான். "அந்த எக்செல் வேண்டாம்னுதானுங்கம்மா நானே வேலைய விட்டுப்போட்டு வந்தேன்! இங்கயுமா?" எக்செல் என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுவதாம். அவர் வாயில் எச்சில் இன்றுவரை எக்செல்தான். நான் திருத்தவில்லை. பொருள் சரியாக இருக்கிறது, சத்தத்தில் என்ன.

இன்னொன்று அவர் எனக்குச் சொன்னார். ஒருநாள் கடைக்குப் புதிதாக வந்த டப்பாவில் ஏதோ மசாலாப் பொடி, மேலே இருந்த எழுத்து ஒருவருக்கும் படிக்க வரவில்லை. அதைப் போட்டுச் செய்த கூட்டு மிஞ்சிவிட்டது. போடலாமா கூடாதா என்று செந்திலும் விமலாவும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தொப்பிக்காரர் கேட்டுவிட்டு, நிதானமாக, "டோன்ட் நோ? தென் இட்ஸ் மீட்" என்றார். தெரியவில்லை என்றால் அது கறிதான். அவ்வளவுதான். கூட்டு கறுப்புத் தொட்டிக்குப் போயிற்று. என் வாழ்க்கையில் நிறையப் பேர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அவர் பன்றிகளுக்குப் பெயர் வைப்பார். ஒரு வெள்ளைப் பெண் பன்றி, உருண்டை, நம் மாவு என்றால் உயிர். அதற்கு 'இட்லி' என்று பெயர். அதன் படத்தைப் போனில் கொண்டுவந்து காட்டுவார், தன் பேரப்பிள்ளை படத்தைக் காட்டுவதற்கு முன்னால்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பக்கத்து ஊர் பிளானோவில் ஒரு வளைகாப்பு. சாப்பாடு முழுக்க நம் கடையிலிருந்துதான்: எலுமிச்சம் சாதம், தேங்காய் சாதம், வெஜிடபிள் புலாவ், தயிர் சாதம், எல்லாம் பெரிய பெரிய அலுமினிய டிரேயில். பெண்ணுக்கு அம்மா நல்ல மனுஷி, அறுபது வயது இருக்கும், எல்லாருக்கும் அவர் பிளானோ ஆன்ட்டி. விழா முடிந்து மதியத்துக்கு மேல் அவரே காரில் மிச்சத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். சோற்றைக் குப்பையில் போட மனம் வரவில்லையாம். நம் கடைச் சோறு பன்றிப் பண்ணைக்குப் போகிறது என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் டிரேயில் அழகாக அமுக்கி, மேலே ஃபாயில் போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார்.

நான் உள்ளே கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தேன். செந்தில்தான் டிரேக்களை வாங்கினான். நம் டிரே, நம் ஃபாயில், மேலே நம் புலாவ். அவனே மஞ்சள் தொட்டியில் கொட்டினான். வெளியே போய்த் திரும்பியது எச்சில் என்பது அந்த நிமிஷம் அவனுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் தொப்பிக்காரர் வந்தார். நான் உள்ளே இருந்ததால் அவர் கேள்வியைச் செந்திலிடம் கேட்டார், அவன் சுத்தமான இங்கிலீஷில் பதில் சொன்னான், வண்டி போய்விட்டது.

அப்புறம்தான் போன். பிளானோ ஆன்ட்டி, கடை நம்பரில். நான் எடுத்தேன்.

"அக்கா, ஒரு சின்ன விஷயம். அந்த ட்ரேயில என் நாத்தனாரோட கரண்டி ஒண்ணு வந்துருச்சான்னு பாக்கறீங்களா? வெள்ளிக் காம்பு போட்டது. புலாவுக்கு அடியில இருக்கும்."

"புலாவுக்கு அடியில எதுக்குங்க கரண்டி?"

அப்புறம் குரல் இறங்கியது.

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன அக்கா... வளைகாப்புல நான்வெஜ் வைக்கக் கூடாதுன்னு சம்பந்தி வீட்டுல கண்டிப்பா சொல்லிட்டாங்க. எங்க ஆளுங்களுக்கு அது இல்லாம இறங்காது. நாத்தனார் வீட்டுலயே மட்டன் பிரியாணி பண்ணி எடுத்துட்டு வந்துட்டா. ஒரு ட்ரேயில அடியில பிரியாணி, மேல உங்க புலாவ். தெரிஞ்சவங்க மட்டும் ஆழமா கரண்டி போட்டு எடுத்துக்கிட்டாங்க. சம்பந்தியம்மா மேலாகவே எடுத்துட்டு ரொம்ப நல்லா இருக்குன்னாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா, மானம் போயிரும்."

நான் போனை வைத்துவிட்டுச் செந்திலிடம் சொன்னேன். அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். என்ன ஆயிற்று என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தொட்டி இப்போது வண்டியில் போய்க்கொண்டிருக்கிறது. சாயங்காலம் பன்றிகளின் தீனித் தொட்டியில் கொட்டிவிடுவார், இட்லி முதல் ஆளாக வாயை வைப்பாள். தெரிந்தால் அனுமதி போய்விடும், பண்ணையைப் பூட்டுவார்கள். தெரியாமல் போனால் அதைவிட மோசம், நோய் இருந்ததா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த மனிதருக்குப் பன்றியைத் தவிர வேறு பிழைப்பு இல்லை.

"சரி, போன் போடு" என்றேன்.

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். "ஏனுங்கம்மா... கொஞ்சம் யோசிக்கலாங்களா? ப்யூர் வெஜ் கடையில இருந்து மட்டன் போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, வாட்ஸப்புல போட்டு நாறடிச்சுருவாங்க. கோயில் அன்னதானம் ஆர்டர் அடுத்த வாரந்தான் முடிவாகுது. நம்ம மேல தப்பே இல்லைங்க, ஆனா யாரு கேப்பாங்க? ஒரு கை பிரியாணி. வீட்டுல வேக வெச்ச கறிதானுங்க. அதுல என்ன நோய் இருந்துறப் போகுது?"

அவன் கெட்டவன் இல்லை. புதிதாகக் கடை போட்டவன், பயந்துவிட்டான். நான் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "நோய் இருக்குதா இல்லையான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியலைன்னா?"

அவன் பெருமூச்சு விட்டான். "...கறிங்க."

"போடு போன."

போட்டான். எடுக்கவில்லை. தொப்பிக்காரர் வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டார். மறுபடி போட்டான், செய்தியைப் பதிந்து வைக்கச் சொல்லி வாய்ஸ்மெயில் குரல் வந்தது. செந்தில் சாவியைத் தேடிக்கொண்டு வெளியே ஓடினான், போன் என் கையில். பீப் என்றது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் அதில் கொட்டினேன்: "ஹலோ! மீ ரசம்! யெஸ் மீட்! யெஸ் மீட்! இட்லி நோ ஈட்! நோ மீட் நோ, யெஸ் மீட்! ஃபுல் எச்சில்! ஆல் எச்சில்!"

காரில் ஏறினோம். டோல்வேயை விட்டு இறங்கி வடக்கே போகப் போகக் கடைகள் குறைந்து வேலியும் புல்லும் வந்தன. பாதி வழியில் எனக்கே சட்டென்று உறைத்தது.

"தம்பி, நான் ஒரு காரியம் பண்ணிப்போட்டேன்."

"என்னங்கம்மா?"

"யெஸ் மீட்டுன்னு சொல்லிட்டேன்."

"சரியாத்தானுங்க சொல்லியிருக்கீங்க?"

"இங்கிலீஷ்ல சரிடா. என் கணக்குல? இத்தனை நாள் நான் யெஸ்னு சொன்னா கறி இல்லைன்னுதானே அவருக்கு அர்த்தம்!"

செந்தில் என்னைத் திரும்பிப் பார்த்தான், அப்புறம் ஸ்பீடாமீட்டரைப் பார்த்தான், அப்புறம் முருகனைக் கூப்பிட்டான்.

பண்ணை வாசலில் வண்டி நின்றிருந்தது. பன்றிகள் எல்லாம் வேலி ஓரம் வந்து கத்திக்கொண்டிருந்தன, நடுவில் இட்லி, படத்தில் பார்த்ததைவிடப் பெரியவள். தொட்டி கீழே இறங்கியிருந்தது. மூடி திறந்திருந்தது. அருகே போனபின்தான் பார்த்தேன், தொட்டி நிறைந்தே இருந்தது. தொப்பிக்காரர் தன் தொப்பியை அதன் மேல் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து என் குரலே எனக்குக் கேட்டது: "மீ ரசம்! யெஸ் மீட்!"

செந்தில் எல்லாவற்றையும் சொன்னான். பிரியாணியைச் சொன்னான், புலாவைச் சொன்னான், தான்தான் கொட்டியது என்பதையும் சொன்னான். அப்புறம் அவர் சொன்னதைச் செந்தில் எனக்குச் சொல்லும்போதே சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றான்.

"திரும்பத் திரும்பக் கேட்டாராம்மா. யெஸ்ஸு எது, நோ எதுன்னு ஒண்ணும் புரியலையாம். நீங்க யெஸ்னா இல்லைன்னு அர்த்தம், ஆனா இன்னிக்குக் கத்தறீங்க, அதனால அர்த்தம் மாறுதோன்னு குழம்பிட்டாராம். மூடியத் திறந்து கொட்டவே போயிட்டாராம். கடைசியில ஒரே ஒரு வார்த்தை மட்டும் புரிஞ்சுதாம்."

தொப்பிக்காரர் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார், நான் முதல்நாள் ஆட்டிக் காட்டின மாதிரியே. "எக்செல்" என்றார். "ஃபுல் எக்செல். நோ."

இங்கிலீஷில் ஆமாமும் இல்லையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிடக்க, நம் ஊர் எச்சில் ஒன்று ஒரே பொருளோடு அங்கே போய் நின்றிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இட்லி என்னைப் பார்த்து உறுமினாள். அவளுக்குச் சாப்பாடு வராமல் செய்தவள் நான் என்று தெரிந்துவிட்டது போல.

அந்தத் தொட்டிச் சோறு மூட்டை கட்டிக் குப்பைக்குப் போயிற்று. தொட்டியைக் கொதிநீரும் மருந்தும் ஊற்றி அவர் தேய்த்தார், செந்திலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூடவே தேய்த்தான். கிளம்பும்போது செந்தில் தயங்கித் தயங்கி, கடை பெயர் வெளியே வராமல் இருக்குமா என்று கேட்டான். தொப்பிக்காரர் அவன் தோளைத் தட்டினார். மனிதர்கள் என்ன தின்றார்கள் என்பது தனக்குத் தேவையில்லை, பன்றி என்ன தின்னவில்லை என்பது போதும் என்றாராம். அடுத்த தடவை கால்நடை அதிகாரி அம்மாள் வந்தபோது நடந்ததைத் தொப்பிக்காரரே தானாகச் சொல்லியிருக்கிறார். எந்தக் கடை என்று அந்த அம்மாள் கேட்டபோதும் மறைக்கவில்லை. கொட்டுமுன் துரத்திக்கொண்டு வந்து தடுத்த கடை என்று சேர்த்துச் சொன்னாராம். அந்த அம்மாள் ஒருநாள் நம் கடைக்கு வந்தாள். செந்தில் ஓடிப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு வரவேற்றான். அவள் மஞ்சள் தொட்டியைப் பார்த்தாள், கறுப்புத் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்து ரசம் இரண்டு கப் குடித்துவிட்டுப் போனாள்.

கோயில் ஆர்டரும் வந்தது. சம்பந்தியம்மாளுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. அந்தப் புலாவ் மாதிரி நீங்கள் மறுபடி பண்ணவே இல்லையே என்று கடைக்கு வரும்போதெல்லாம் விமலாவிடம் குறைபட்டுக்கொள்கிறார். விமலா ஒவ்வொரு தடவையும் உள்ளே ஓடி வந்து அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வெள்ளிக் காம்புக் கரண்டியைத் தொப்பிக்காரர் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

பெண்களே, மஞ்சள் தொட்டியை ஏன் அப்படித் தேய்க்கிறீர்கள் என்பது இப்போது தெரிந்திருக்கும். அதன் மேல் செந்தில் எழுதி ஒட்டியிருக்கிறானே, 'பன்றிக்கு எச்சில் ஆகாது' என்று, அதைப் பார்த்துச் சிரியுங்கள், நானும் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே கழுவுங்கள். நல்ல மனசோடு ஒருவர் சோற்றைத் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், கறுப்புத் தொட்டியில் போடுங்கள். அவர் கண்முன் போட வேண்டாம், மனசு நோகும். தப்பு நடந்துவிட்டால் முதலில் போனை எடுங்கள், கடைப் பெயரை அப்புறம் யோசிக்கலாம். அந்த மனிதர் கேட்டால் இங்கிலீஷில் இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒரே சொல்லாகச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியும்.

சரி, போதும். தொண்டை வறண்டுவிட்டது. நிலா, இங்க வா கண்ணு. போன் என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல இருந்து எனக்குப் படிச்சுக் காட்டு.

"ஆல் ஆஃப் இட், அப்பத்தா?"

"ஆமா, எல்லாத்தையும்."

நிலா சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிக்கிறவள், விரலை வைத்துக்கொண்டுதான் படிப்பாள். தலைப்பிலேயே நின்றுவிட்டாள். "அப்பத்தா, போன் தப்பா போட்டிருக்கு. 'பன்றிக்கு எக்செல் ஆகாது'ன்னு இருக்கு. எல்லா இடத்துலயும் எக்செல்தான். ஷுட் ஐ ஃபிக்ஸ் இட்?"

மத்தவங்களுக்குத் திருத்திக் குடு கண்ணு. தொப்பிக்காரருக்கு ஒண்ணு அப்படியே இருக்கட்டும். இப்பப் படி.